மேஜையின் கீழ் விழும் துணிக்கைகள்

அன்பானவர்களே,

மத்தேயு 15ஆம் அதிகாரத்தில், 21 முதல் 28 வரை எட்டே வசனங்களில் முடிந்துவிடுகிற ஒரு சம்பவம் இருக்கிறது. பிசாசு பிடித்த மகளுக்காக ஒரு தாய் இயேசுவிடம் வருகிறாள், கதறுகிறாள், பதில் கிடைக்கவில்லை. திரும்பக் கேட்கிறாள், மறுப்பு வருகிறது. இன்னொரு முறை கேட்கிறாள், பெற்றுக்கொண்டு போகிறாள். இதை வழக்கமாக 'விடாப்பிடியான ஜெபம்' என்ற தலைப்பில் பிரசங்கிப்போம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை 'நன்றியறிதல்' என்று வேறொரு வேதபகுதியை எடுப்போம். அதனால் கேட்பது ஒரு குணம், கிடைத்ததற்கு நன்றி சொல்வது வேறொரு குணம் என்று மனதில் பதிந்துவிட்டது. திருப்தியுள்ளவன் கேட்கமாட்டான், கேட்டுக்கொண்டே இருக்கிறவன் திருப்தியில்லாதவன் என்றுகூட நினைக்கிறோம். ஆனால் இந்தப் பெண் பேசிய ஒரே வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. அந்த வாக்கியத்தைத்தான் இன்று நிதானமாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். இயேசு அப்போது போயிருந்தது தீரு, சீதோன் பட்டணங்களின் பக்கம். இரண்டும் மத்தியதரைக் கடலோரத் துறைமுகப் பட்டணங்கள். இன்றைய லெபனான் நாட்டில் இருக்கின்றன. மாற்கு இந்தப் பெண்ணை சீரோபேனிக்கியா தேசத்தாள் என்று அந்தக் காலத்து வழக்கப்படி எழுதுகிறார். மத்தேயு அப்படி எழுதவில்லை, 'கானானிய ஸ்திரீ' என்கிறார். இயேசுவின் நாட்களில் அது பழைய பெயர், யோசுவாவின் காலத்துச் சண்டைகளை நினைப்பூட்டுகிற பெயர். அதைத் தெரிந்தே மத்தேயு போடுகிறார். தம்முடைய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே, இயேசுவின் வம்ச வரலாற்றில், கானானிய நகரமாகிய எரிகோவின் ராகாபின் பெயரை எழுதிவைத்தவரும் இதே மத்தேயுதான்.

இன்னொன்று. தீருவுக்கும் சீதோனுக்கும் நடுவே, அதே கடற்கரையில், சாறிபாத் என்ற ஊர் இருந்தது. 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தில் பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது அங்கேதான். அங்கே ஒரு விதவை விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு, மகனோடு சாப்பிட்டு, பிறகு சாவதுதான் அவள் போட்டிருந்த திட்டம். அந்த அற்புதம் எப்படி நடந்தது என்று வசனத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பானை நிரம்பி வழிந்ததாக எழுதப்படவில்லை. மா செலவழிந்துபோகவும் இல்லை, எண்ணெய் குறைந்துபோகவும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விடும்போது அடியில் இருக்கிற மாவைத்தான் அவள் தொட்டிருப்பாள். நாளைக்கும் இருக்கும் என்பதற்குக் கண்ணால் காண்கிற அத்தாட்சி எதுவும் இல்லை, இன்றைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். இந்த விதவையை இயேசு தாமே லூக்கா 4ஆம் அதிகாரத்தில் நாசரேத்து ஜெப ஆலயத்தில் எடுத்துச் சொன்னார்; கேட்டவர்கள் அவரை மலைச்சிகரத்திலிருந்து தள்ளப் பார்த்தார்கள். அந்தக் கரையிலிருந்துதான் நம்முடைய கானானிய தாயும் வருகிறாள்.

அவளுக்கு நான்கு தடைகள் வருகின்றன. முதல் தடை மௌனம்: "அவளுக்குப் பிரதியுத்தரமாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை." மறுத்துச் சொன்னாலாவது அதற்கு ஒரு பதில் பேசலாம்; மௌனத்துக்கு என்ன பதில் பேசுவது? நீண்ட நாள் ஜெபிக்கிற பலரும் தளர்ந்துபோகிற இடம் இதுதான். இரண்டாவது தடை சீஷர்கள். "இவளை அனுப்பிவிடும்" என்கிறார்கள். இயேசுவுக்கு மிக அருகில் இருந்தவர்களுக்கு அவளுடைய குரல் தொந்தரவாக இருந்தது. சபையில் பொறுப்பு வகிக்கிற நாம் இந்த வசனத்தை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. மூன்றாவது, தாம் இஸ்ரவேல் வீட்டாரிடத்திற்கே அனுப்பப்பட்டதாக அவர் சொல்வது. நான்காவதுதான் கடினமானது: "பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து, நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல."

இந்த வார்த்தையை மென்மையாக்க நாம் நிறையப் பாடுபடுகிறோம். மூல கிரேக்கத்தில் இருப்பது 'குனாரியா', நாய் என்பதன் சிறுமைச் சொல். மலைப்பிரசங்கத்தில் "பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதேயுங்கள்" என்று வரும் இடத்தில் இருப்பது வேறு, தெருநாய்க்கும் பொருந்துகிற பொதுச்சொல். ஆகவே இது வீட்டுக்குள் வளர்கிற நாய்க்குட்டி என்று சொல்ல இடமுண்டு. நம்முடைய தமிழ் வேதாகமமும் 'நாய்க்குட்டி' என்றே சரியாகப் போட்டிருக்கிறது. ஆனாலும் கேட்பவளுக்கு அது சுடுகிற வார்த்தைதான். அதை மறைத்தால் அவள் செய்த காரியத்தின் பெருமை நமக்குத் தெரியாமல் போய்விடும்.

அவள் என்ன சொன்னாள்? "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே."

இங்கே கிரேக்க மொழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் 'ஆகிலும்' என்று வருகிற இடத்தில் மூலத்தில் 'காய் கார்' என்ற இரண்டு சொற்கள் உள்ளன. 'ஏனென்றால்… கூட' என்பது அதன் நேர்ப்பொருள். "ஆமாம் ஆண்டவரே, நாய்க்குட்டிகளும்கூடத் தின்கின்றனவே, அதனால்தான் கேட்கிறேன்" என்கிற தொனி. அவர் சொன்னதை அவள் எதிர்க்கவில்லை. அவர் சொன்னதையே தனக்குச் சாதகமான காரணமாக எடுத்துக்கொள்கிறாள். நான் நாய்க்குட்டியா? சரி, அப்படியானால் நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன், மேஜைக்கு அடியில்தான் இருக்கிறேன், எனக்கும் ஒரு எஜமான் உண்டு. மார்ட்டின் லூத்தர் இந்தப் பகுதியைப் பற்றிப் பிரசங்கித்தபோது, இயேசுவின் பதில்கள் எல்லாம் 'இல்லை' என்றே ஒலித்தாலும் அந்த 'இல்லை'க்கு அடியில் மறைந்திருந்த 'ஆம்' ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள் என்று விளக்கினார். அதைவிடச் சிறப்பாக இதைச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இதே சம்பவம் முழுவதும் சிறுமைச் சொற்களாகவே நிறைந்திருக்கிறது: சிறு மகள், நாய்க்குட்டி, சிறு துணுக்கு. 'துணிக்கை' என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் 'ப்ஸிகியோன்', அப்பத்தைப் பிட்கும்போது தானாக உதிர்கிற பொடி. யாரும் எடுத்துக் கொடுக்கவேண்டியதில்லை, யாருடைய பங்கிலும் குறையப்போவதில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது விழும். "முந்திப் பிள்ளைகள் திருப்தியடையட்டும்" என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதுகிறார். அவள் அந்த வரிசையைக்கூட மாற்றக் கேட்கவில்லை. பிள்ளைகளின் தட்டைத் தனக்குத் தரும்படி கேட்கவில்லை. ஆனால் கேட்டது என்னவோ சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பிசாசின் பிடியிலிருந்து மகளுக்கு விடுதலை! அதை ஒரு 'துணிக்கை' என்கிறாள். இந்த மேஜையில் விழுகிற பொடியே என் மகளுக்குப் போதும் என்று நம்புகிறவள், அந்த மேஜையை எவ்வளவு பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்! அவளுடைய தாழ்மை அங்கேதான் இருக்கிறது. தன்னைப் பற்றி மட்டமாகப் பேசிப் பேசி அவள் தாழ்மையைக் காட்டவில்லை. துணிக்கையின் மதிப்பு அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்பதை நிறுத்தாததற்கும் அதுவே காரணம். அற்பமானது என்று நினைத்திருந்தால் முதல் மௌனத்திலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

"ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்கிறார் இயேசு. மத்தேயு சுவிசேஷத்தில் இப்படிப்பட்ட பாராட்டுப் பெற்றவர்கள் இரண்டே பேர், இருவரும் யூதர் அல்லாதவர்கள். மற்றவர் 8ஆம் அதிகாரத்து நூற்றுக்கு அதிபதி. "நீர் என் வீட்டுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல, ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்" என்றவர். திருவிருந்துக்கு வருகிற ஒவ்வொரு முறையும் உலகெங்கும் சபைகள் இந்த இருவரின் வாயிலிருந்து வார்த்தைகளைக் கடன் வாங்குகின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் நூற்றுக்கு அதிபதியின் வார்த்தைகள் ஒலிக்கின்றன. ஆங்கிலிக்கன் மரபில் 1548ஆம் ஆண்டு முதல், 'உம்முடைய மேஜையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல' என்ற கருத்துடைய ஜெபம் இருந்துவருகிறது. தங்களை வெளியாட்களாகக் கருதாத சபையார் தேவனுடைய பந்தியில் அமருகிற வேளையில், வெளியே நின்ற இரண்டு பேரிடமிருந்துதான் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

மத்தேயு இந்தச் சம்பவத்தை எங்கே வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். 14ஆம் அதிகாரத்தில் ஐந்து அப்பம், பெண்களையும் பிள்ளைகளையும் தவிர ஐயாயிரம் ஆண்கள், மீதி பன்னிரண்டு கூடை. அதே அதிகாரத்தில் கடலில் மூழ்கப்போன பேதுருவைப் பார்த்து "அற்பவிசுவாசியே" என்கிறார். 15இல் இந்தப் பெண், 'பெரிது'. உடனே ஏழு அப்பம், நாலாயிரம் பேர், ஏழு கூடை. 16ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் அப்பம் கொண்டுவர மறந்துவிட்டு அதைக் குறித்துக் கவலைப்படுகிறார்கள். "அற்பவிசுவாசிகளே" என்று இயேசு மறுபடியும் அவர்களைக் கடிந்துகொள்கிறார். பன்னிரண்டும் ஏழும் பத்தொன்பது கூடைகளைத் தங்கள் கையாலேயே எடுத்தவர்கள் அவர்கள். கூடை கூடையாய்க் கண்டவர்களுக்கு அப்பத்தைப் பற்றிய கவலை போகவில்லை. துணிக்கையைப் பார்த்தவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பெற்றுக்கொண்டதன் அளவு கூடினால் நன்றியும் கூடும் என்று நாம் போடுகிற கணக்கு இங்கே உடைந்துபோகிறது.

யோவான் 6ஆம் அதிகாரத்தில் அந்த ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவத்தை வாசித்தால் இரண்டு விவரங்கள் கிடைக்கும். அவை வாற்கோதுமை அப்பங்கள், ஏழைகளின் அப்பம். இயேசு அவற்றை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். எப்போது? அவை ஐந்தாக இருக்கும்போதே. பெருகிய பிறகு நன்றி சொல்லவில்லை, போதாது என்று எல்லாருக்கும் தெரிந்த அந்த அளவுக்கு நன்றி சொன்னார். இரண்டாவது விவரம், எல்லாரும் திருப்தியடைந்த பின்பு, "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று சொன்னது. கிரேக்கத்தில் இது வேறு சொல், கையால் பிட்ட துண்டுகளைக் குறிப்பது. தமிழில் இரண்டும் 'துணிக்கை'தான், அந்தப் பெண் சொன்ன அதே வார்த்தை. ஐந்து அப்பத்தை ஆயிரங்களுக்குப் பெருக்கத் தெரிந்தவர் மீந்ததைப் பொறுக்கச் சொல்கிறார்.

சிறியதை மதிப்பது எப்படிக் கெட்டுப்போகும் என்று அறிய, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னாவின் வரலாற்றைப் பாருங்கள். யாத்திராகமம் 16. அது கொத்தமல்லி விதை அளவு, குனிந்து பொறுக்கவேண்டும். தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். மறுநாளுக்கு வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. அன்று வைத்தது கெடவில்லை. நாற்பது வருஷம் இப்படியே. ஆனால் எண்ணாகமம் 21க்கு வரும்போது அதே ஜனங்கள், "இந்த அற்பமான உணவு எங்கள் மனதுக்கு வெறுப்பாயிருக்கிறது" என்கிறார்கள். மன்னாவில் எந்த மாற்றமும் இல்லை. அதே அளவு, அதே வெண்மை, அதே தேன்பணிகார ருசி. ஒழுங்கு தவறாமல் வந்ததுதான் அதற்கு வினையானது. வரவேண்டிய ஒருநாளில் வராமல் இருந்திருந்தால் மறுநாள் கொண்டாடியிருப்பார்கள். நம் வீட்டில் நன்றி முதலில் வற்றிப்போவதும் ஒருபோதும் தவறாத காரியங்களில்தான்: மூச்சு, தூக்கம், தினம் சமைத்துப் போடுகிற கை. எதற்கெல்லாம் நன்றி சொல்ல மறந்தேன் என்று தேடுகிறவர்கள், வாழ்க்கையில் அபூர்வமாய் நடந்ததைத் தேடவேண்டாம். தவறாமல் நடப்பதைத் தேடுங்கள், அங்கேதான் கடன் நின்றுகொண்டிருக்கும்.

இனி லூக்காவிடம் போவோம். 17, 18ஆம் அதிகாரங்களில் மூன்று பகுதிகள் கிட்டத்தட்ட அடுத்தடுத்து வருகின்றன. குஷ்டரோகிகள் பத்துப்பேர், அநீதியுள்ள நியாயாதிபதியும் விதவையும், பரிசேயனும் ஆயக்காரனும். நன்றி, விடாப்பிடி, தாழ்மை. இந்த வரிசையை அவர் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்துப்பேரில் ஒன்பது பேரை நாம் நன்றிகெட்டவர்கள் என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவர்கள் பக்கத்தையும் சற்று யோசியுங்கள். "ஆசாரியர்களிடத்தில் போய்க் காண்பியுங்கள்" என்பது இயேசுவின் கட்டளை. போகும்போதே சுத்தமானார்கள். லேவியராகமம் 14இன்படி அவர்களுக்கு முன்னால் எட்டு நாள் சடங்கு இருக்கிறது: இரண்டு குருவிகள், வஸ்திரம் தோய்ப்பது, மயிரைச் சிரைப்பது, ஏழு நாள் கூடாரத்துக்கு வெளியே தங்குவது, எட்டாம் நாளில் பலி. அதெல்லாம் முடிந்தால்தான் வீட்டுக்குள், குடும்பத்துக்குள் போகலாம். அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். காரியம் முடியட்டும், பிறகு நன்றி சொல்லலாம் என்று இருந்திருப்பார்கள். சமாரியன் ஒருவன் மட்டும் வழியிலேயே தன் தோலைப் பார்த்தான், திரும்பினான். நன்றி தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். கெட்ட எண்ணத்தால் அல்ல, அடுத்த வேலை காத்திருப்பதால். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில், அவர்கள் நல்ல காரியமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதே.

விதவையின் உவமையில் ஒரு தவறான புரிதல் அடிக்கடி நுழைகிறது. தேவன் அந்த நியாயாதிபதியைப் போன்றவர், தொல்லை கொடுத்தால்தான் இறங்குவார் என்று. உவமை ஒப்பிட்டுச் சொல்லப்படவில்லை, வேறுபடுத்திச் சொல்லப்படுகிறது. தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதிக்காத ஒருவனே கடைசியில் நியாயம் செய்வானென்றால், தம்மை நோக்கி இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களை நேசிக்கிற தேவன் செய்யமாட்டாரா? 'என்னை அலட்டாதபடி' என்று அந்த நியாயாதிபதி சொல்லும் வார்த்தை கிரேக்கத்தில் கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் சொல். அவளுடைய நச்சரிப்பு அவனுக்கு அடி வாங்குவதுபோல் இருந்திருக்கிறது! ஆனால் தேவனிடத்தில் நாம் திரும்பத் திரும்பப் போவது அவரைச் சோர்வாக்குவதற்காக இல்லை. வேறு போக்கிடம் நமக்கு இல்லை என்பதற்காக.

மூன்றாவது உவமையில் கவனிக்கவேண்டியது, பரிசேயனின் ஜெபம் ஒரு நன்றி ஜெபம். "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் எல்லாம் உண்மையாகவே செய்தவன். நன்றியில் விஷம் கலந்தது ஒரே இடத்தில், பக்கத்தில் நின்றவனை ஓரக்கண்ணால் பார்த்த இடத்தில். "அவர்களுக்கு இல்லாதது எனக்கு இருக்கிறதே" என்கிற நன்றி நம்மிடையே சகஜமாகிவிட்டது. அடுத்தவருடைய குறையை நம் ஸ்தோத்திரத்துக்கு அளவுகோலாக வைக்கும்போது, நாளைக்கு அவர் நம்மைவிட நன்றாயிருந்தால் அந்த ஸ்தோத்திரம் என்ன ஆகும்? கானானிய தாய் மேஜையைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளின் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்டதே கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்றுதரம் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. சபை வரலாற்றில் மோனிக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். 383இல் மகன் அகஸ்டின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குப் போய்விடக்கூடாது என்று கண்ணீரோடு ஜெபித்தாள். அவரோ அவளை ஏமாற்றிவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார். அன்று அவள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை ரோமிலிருந்து மிலானுக்கும், அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோனது. 387ஆம் ஆண்டு ஈஸ்டர் அன்று அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷம் மோனிக்கா இறந்தாள். அவளுடைய ஆழமான விருப்பத்தை நிறைவேற்றுவதற்காகவே அன்றைய வேண்டுதலை தேவன் மறுத்தார் என்று பிற்பாடு அகஸ்டினே எழுதினார்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். நீண்ட காலமாக ஒரு காரியத்துக்காக ஜெபிக்கிறவர்கள் முதலில் அந்தக் காரியத்தை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். கானானிய தாயின் முதல் ஜெபம் சற்று நீளம்: தாவீதின் குமாரனே, இரங்கும், மகள், பிசாசு, வேதனை. மௌனத்துக்குப் பிறகு அது சுருங்குகிறது: "ஆண்டவரே, எனக்கு உதவிசெய்யும்." கிரேக்கத்தில் மூன்றே சொற்கள். நாள் ஆக ஆக ஜெபத்தை நீட்டுகிறவர்கள் விரைவில் களைத்துப்போவார்கள், சுருக்குகிறவர்கள் தாக்குப்பிடிப்பார்கள். "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று இயேசு எச்சரித்தது வார்த்தைகளின் எண்ணிக்கையை நம்புவதைப் பற்றியே. திரும்பக் கேட்பதை அவர் தடுக்கவில்லை. "கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள்" என்ற வினைகளும் கிரேக்கத்தில் தொடர்ந்து செய்வதைக் குறிக்கும் வடிவத்திலேயே உள்ளன.

அடுத்தது நேரம். உணர்ச்சி வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டுவிட்டால் பத்தாம் நாளோடு நின்றுபோகும். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். 'டிடாகே' என்கிற ஆதிசபையின் கையேடும் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லும்படி கூறுகிறது. மூன்று வேளை முடியாவிட்டால் ஒரு வேளை, ஆனால் அதே வேளை. தானியேலைக் குறித்து 6:10இல் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. ஜெபித்தால் சிங்கக்கெபி என்ற கட்டளை கையெழுத்தானது தெரிந்த பிறகும், மேலறையின் பலகணி திறந்திருக்க, அவன் ஸ்தோத்திரமும் செலுத்தினான், 'முன் செய்துவந்தபடியே'. பழக்கம் இருந்ததால்தான் அந்த நாளிலும் வாயிலிருந்து நன்றி வந்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அதில் ஆபத்தும் உண்டு. இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் கிடைத்தது என்று எழுதினால், சில மாதங்களில் இடப்பக்கம் நிறைந்து வலப்பக்கம் காலியாகத் தெரியும். அப்புறம் அது தேவன்பேரில் எழுதிய கடன்கணக்காக மாறிவிடும். இதைத் தவிர்க்க ஒரு வழி: பெற்றதை முதலில் எழுதுங்கள். கேட்டதற்கான பதிலாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். அன்றைக்கு விழுந்த துணிக்கை எதுவோ அதை எழுதுங்கள். மூன்று போதும். அதற்குக் கீழே உங்கள் ஒற்றை வாக்கிய விண்ணப்பம். இயேசு சபைத் துறவற அமைப்பை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இரவில் மனச்சாட்சியை ஆராய்வதற்கு ஐந்து படிகள் வகுத்தார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிய வெளிச்சம் கேட்பது, நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பாவத்தைத் தேடுவதற்குமுன் நன்றியை வைத்திருக்கிறார். அந்த வரிசை முக்கியம். முதலில் குறையைத் தேடினால் மனம் இருண்டுவிடும், அதற்குப்பின் நன்றி நாவில் ஒட்டாது.

நன்றியை எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். "எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம்" என்று மூன்று நாள் எழுதினால் நாலாம் நாள் எழுதவே தோன்றாது. 136ஆம் சங்கீதம் எப்படி நன்றி சொல்கிறது பாருங்கள். வானம், பூமி, சூரியன், சந்திரன், செங்கடல், சீகோன் ராஜா, ஓக் ராஜா என்று பெயர் பெயராய்ச் சொல்லி, இருபத்தாறு தரம் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்கிறது. அண்டத்தைப் படைத்ததில் தொடங்கி, கடைசிக்கு முந்தின வசனத்தில் எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று வந்து நிற்கிறது. செங்கடலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே பல்லவி! மனிதர்களுக்காகவும் பெயர் சொல்லி நன்றி செலுத்துங்கள். சண்டையும் பிரிவினையும் நிறைந்த கொரிந்து சபைக்கு எழுதும்போதுகூட பவுல் நன்றியோடுதான் ஆரம்பித்தான்.

முப்பதாண்டுப் போரின் நடுவே, ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். 1637ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் அவர் அடக்கம் செய்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்; அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். இன்று உலகம் முழுவதும் பெரிய நன்றி ஆராதனைகளில் முழங்குகிற, 'எல்லாரும் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்' என்ற கருத்தோடு தொடங்கும் அவருடைய பாடல், ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்வதற்கான சின்ன ஜெபமாகத்தான் பிறந்தது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. நன்றியை மற்றவர்மேல் சுமத்தாதீர்கள். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய், "இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்பது வேதத்தின் வழியல்ல. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்கிறது நீதிமொழிகள் 25:20. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் தேவன் தம்முடைய ஜனத்தின் பாட்டுப் புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே பவுல்தான் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும், தீமையை வெறுங்கள் என்றும் ரோமருக்கு எழுதினான். தீமையை நன்மை என்று அழைக்க யாரையும் வற்புறுத்தக்கூடாது. துணிக்கையைக் காண்பித்து, "இது போதும், இனிக் கேட்காதே" என்று ஏழையையும் ஒடுக்கப்பட்டவரையும் அடக்குவது இன்னும் மோசம். கானானிய தாய் துணிக்கையைப் பெரிதாக எண்ணினாள், கேட்பதை நிறுத்தவில்லை. "அனுப்பிவிடும்" என்றவர்கள் சீஷர்கள். அவர்களுடைய ஆலோசனையை இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை.

மாற்கு சுவிசேஷத்தில் இந்தச் சம்பவத்தின் முடிவு சற்று விரிவாக இருக்கிறது. "நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம் போகலாம்" என்கிறார் இயேசு. அவர் அவளோடு வரவில்லை, மகளைத் தொடவில்லை, கையில் எதையும் கொடுத்தனுப்பவில்லை. அவளிடம் இருந்தது ஒரு வார்த்தை மட்டும். அதை வைத்துக்கொண்டு அவள் வீடு வரைக்கும் நடக்கவேண்டும். எவ்வளவு தூரம் என்று மாற்கு சொல்லவில்லை. அந்த வழியில் அவள் திரும்பிப் போய் இன்னொரு முறை உறுதி கேட்டதாகவும் இல்லை. வீட்டுக்கு வந்தாள், கதவுக்குள் போனாள், மகள் கட்டிலின்மேல் படுத்திருக்கக் கண்டாள்.